காப்பகத்துக்கு டிரில் கிடையாது

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனி. அங்கே வேலை பார்க்கும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. காப்பகத்தில் பத்துக் குழந்தைகள். அவர்களுக்கு நானும் இன்னொரு அக்காவும். பத்தில் ஆறு நடக்கும், நாலு இன்னும் தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சோல் ஒட்டும் பிரிவு. பசை டின்களை அங்கேதான் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு தீப்பொறி போதும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை தீ விபத்து ஒத்திகை நடக்கும். சைரன் ஊதியதும் அத்தனை பேரும் மைதானத்தில் வரிசையாக நிற்பார்கள், சூப்பர்வைசர்கள் தலை எண்ணுவார்கள். எங்களை மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை. "குழந்தைங்க தூங்குதுங்க, எதுக்கும்மா எழுப்பிக்கினு?" என்பார் சேஃப்டி ஆபீசர். பிறகு ஒரு காகிதத்தை நீட்டுவார். காப்பகத்தில் இருந்த அனைவரும் மூன்று நிமிடத்தில் வெளியேறினார்கள் என்று அதில் அச்சடித்திருக்கும். நான் கையெழுத்துப் போட்டேன். ஒருமுறை அல்ல, நாலு முறை. இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்புறம் காப்பகத்தில் வேலை செய்பவர்களுக்கு வேலூரில் ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். கம்பெனிக்குச் சான்றிதழ் தேவைப்பட்டதால் எங்களை அனுப்பினார்கள். பயிற்சி கொடுத்த அம்மா பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "குழந்தைங்கள கூட்டிக்கினு ஒரு தபாவாச்சும் வெளிய வந்து பாத்திருக்கீங்களா?"

மறுநாளே இருவரும் முயன்று பார்த்தோம். ஆளுக்கு இடுப்பில் ஒன்று, மறுகையில் கயிறு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்கள் மூன்று பேர். அப்படிப் போனாலும் தொட்டிலில் இரண்டு மிச்சம். எப்படி மாற்றிப் பார்த்தாலும் அந்த இரண்டு மிச்சம்தான்.

இதை ஸ்டிச்சிங் பிரிவில் ஒருத்தியிடம் சொல்லிப் புலம்பினேன். மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். அவளுடைய ஏழு மாதப் பெண் குழந்தை எங்களிடம்தான் இருக்கிறது. "அவ்ளோதானாக்கா? முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு பை வெச்சி ஏப்ரன் தைச்சிட்டா போச்சி" என்றாள். குப்பைக்குப் போகும் லைனிங் துணியைப் பொறுக்கி, சாப்பாட்டு நேரத்தில் தைத்தாள். எங்களுக்கு ஆளுக்கொன்று. ஷூ தைக்கிற கையல்லவா, இழுத்துப் பார்த்தோம், ஒரு தையல்கூட விடவில்லை. நாலு குழந்தைகளும் பைக்குள் உட்கார்ந்து சிரித்தன. எங்களுக்கோ இரண்டு கைகளும் மிச்சம்.

மூன்றே நாள்தான். கம்பெனித் துணியைத் திருடினாள் என்று அவளுக்கு மெமோ கொடுத்தார்கள். ஏப்ரன்களைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். மேனேஜர் அறைக்குப் போய்க் கத்தினேன். "கிரெச்சுக்குத்தான் டிரில்லே கிடையாதே, அப்புறம் எதுக்கு இது?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

அடுத்த ஒத்திகையில் சைரன் ஊதியதும் நாங்களும் கிளம்பினோம். யாரையும் கேட்கவில்லை. தொட்டிலில் இரண்டை விட்டுவிட்டு வர மனசே வரவில்லை. ஆனால் நிஜமாகப் பற்றி எரிந்தால் இதுதானே நடக்கும்? வாசலில் ஒரு பிள்ளை எறும்பைப் பார்க்க உட்கார்ந்துவிட்டது. இன்னொன்று செருப்பு வேண்டும் என்று அழுதது. நாங்கள் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தலை எண்ணி முடித்து, எல்லோரையும் பாராட்டி மேனேஜர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். சேஃப்டி ஆபீசர் காகிதத்தோடு ஓடி வந்தார்.

"இன்னாம்மா இதெல்லாம்? சரி, வந்துட்டீங்க இல்ல, கையெழுத்து போடு."

"எப்படி சார் போடறது? இன்னும் ரெண்டு பேர் உள்ள இருக்காங்க."

மேனேஜர் பேச்சை நிறுத்தினார். என் இடுப்பில் ஒன்றும் அக்கா இடுப்பில் ஒன்றும் இருந்தன. இரண்டுமே மாதனூர்க்காரியின் மகள் இல்லை. வரிசையில் நின்றிருந்த அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஓடினாள். "லைன்ல நில்லும்மா!" என்று சூப்பர்வைசர் கத்தக் கத்தக் கட்டடத்தை நோக்கி ஓடினாள்.

மறுநாள் அவளுக்கு இரண்டாவது மெமோ வந்தது. ஒத்திகையின்போது வரிசையை விட்டு ஓடியதற்காக.