கத்தி படாத கால்

வக்கீல் வெங்கடசுப்ரமணியனின் குதிரைக்காரன் கோலப்பனுக்கு அந்த இடவப்பாதி மழைக்காலத்தில் ஒரே கவலை, குதிரையின் கால்தான். போனக்காடு எஸ்டேட் துரையிடம் வாங்கிய குதிரை. முழங்காலுக்குக் கீழே முடி அடர்ந்து குளம்பையே மூடியிருந்தது. ஸ்ரீவராகத்திலிருந்து வஞ்சியூர் கோர்ட்டுக்குப் போய்வந்தால் பாதித் தெருச் சேறும் அதில் அப்பிக்கொள்ளும். குதிகாலுக்குப் பின்னால் தோல் சிவந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது. குதிரை நொண்டினால் விற்றுவிடுவார்கள், குதிரை போனால் தன் சோறும் போகும் என்பது அவனுக்குத் தெரியும்.

பழவங்காடி நாவிதரிடம் முடி வெட்டும் மெஷின் இரவல் வாங்கி வந்தான். வக்கீலின் தமக்கை பாகீரதி அம்மாள் பார்த்துவிட்டாள். எட்டு வருஷத்துக்குப் பிறகு வக்கீலின் மனைவி சீதாலக்ஷ்மி உண்டாகியிருந்தாள். அதனால் வக்கீலே முடிவெட்டாமல் தாடியோடு கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். “வக்கீலே, சந்நியாசத்துக்குப் போகயாணோ?” என்று ஜட்ஜி கேட்டதாகவும் பேச்சு.

“பிரசவம் ஆறவரைக்கும் இந்தாத்து ஆம்பளை மேலே கத்தி படப்படாது. குதிரையும் இந்தாத்துச் சோறுதானே திங்கறது?” என்றாள் அம்மாள்.

விதையடித்த குதிரையை ஆண்கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்கக் கோலப்பனுக்கு நாக்குத் துருதுருத்தது. அடக்கிக்கொண்டு மெஷினைத் திருப்பிக் கொடுத்தான்.

மெஷின் கடகடவென்று ஊரைக் கூட்டும். கத்தரிக்கு வாய் கிடையாது. மறுநாளே மனைவி முத்தாரம்மாளின் சின்னக் கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தான். காலைக் கழுவி, ஈரம் போகத் துடைத்தான். சீப்பால் முடியை மேல்நோக்கி வாரி, பல்லுக்கு வெளியே நீண்டதை மட்டும் நறுக்கினான். கத்தரியைக் குறுக்கே வைத்தால் முடியில் படிக்கட்டுபோலத் தடம் விழும், திருடன் அகப்பட்டுக்கொள்வான். ஆகவே கத்தரி காலோடு நெடுக்காகவே நின்றது. கீழே வாரி, தள்ளி நின்று பார்த்து, மறுபடி வாருவான். நறுக்கியது பிசிறடித்தால் விரலில் சாம்பலைத் தொட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்குவான். தண்ணீர் சொட்டிப்போகக் குதிகாலில் ஒரு கொத்தை மட்டும் விட்டான். வெட்டிய முடி சாணிக்கூடையில் போயிற்று. ஒரு நாளைக்கு ஒரு சுற்று, அவ்வளவுதான். பதினைந்தாம் நாள் புண் ஆறிவிட்டது.

அன்று பார்த்து வக்கீல் லாயத்துக்குள் நுழைந்தார். கத்தரி கோலப்பன் கையில் இருந்தது.

வக்கீல் குனிந்து காலைத் தடவினார். “வெட்டினதே தெரியலியேடா!”

“சாமி, அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதிங்கோ. காலு அழுகிப் போவுமேன்னாக்கும் செய்தது.”

அவர் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். கொள்ளு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, தாடையைத் தூக்கினார். “அக்கா கோயில்லேர்ந்து வர்றதுக்குள்ளே. சீக்கிரம்.”

“ஒரே நாள்ல செய்தா தெரிஞ்சு போவும் சாமி. நித்தம் கொஞ்சமாட்டு எடுக்கணும்.”

இருந்தது ஒரே சீப்பு. அதை வேட்டியில் துடைத்துக்கொண்டான். குதிரை இவ்வளவு நெளியவில்லை.

ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது. தீட்டுக் கழிக்கும் புண்யாகவாசனத்தன்று வந்தவர்களிடம் பாகீரதி அம்மாள் தம்பியின் தாடியையும் குதிரையின் காலையும் காட்டினாள். “பாருங்கோ, கத்தியே படலை. சாஸ்திரத்துக்குக் கட்டுப்பட்டா முடிகூடத் தானே அடங்கி நிக்கும். ஏன்டா கோலப்பா, நீ சொல்லு!”

ஆயுசில் அவன் செய்த வேலைகளிலேயே உருப்படியானது அதுதான். சொல்லிக்கொள்ள முடியவில்லையே என்று நெஞ்சு எரிந்தது.

“ஆமாம்மா,” என்றான் கோலப்பன். “நான் கையே வைக்கல்லே.”