எழுந்து போகிற உடையப்பன்

கோல சிலாங்கூர் பக்கம், புக்கிட் ரோத்தானில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் உடையப்பனைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "அவரா? கூட்டத்துல பாதியில எழுந்து போயிடுவாரே!" கோயில் நிர்வாகத்தில் இருந்தார். அன்னதானத்துக்கு எந்த அரிசி வாங்குவது என்ற சண்டையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பள்ளிப் பெற்றோர் சங்கத்தில் இருந்தார். தலைவர் பேசி முடிக்கும் முன்பே வெளியே இவர் மோட்டாரை உதைக்கும் சத்தம் கேட்டதாம். ஊரில் அவருக்கு 'வெளிநடப்பு' என்றே பட்டப்பெயர்.

இப்படிப்பட்ட மனிதரை எங்கள் சமூகக் கல்லூரியின் ஆலோசனைக் குழுவுக்குப் பரிந்துரைத்த புத்திசாலி நான்தான். பெயர் சுகுமாரன். கல்லூரியில் விரிவுரையாளன், குழுவுக்குச் செயலாளன். செயலாளன் என்றதும் பெரிய பதவி என்று எண்ணிவிட வேண்டாம். அறையைத் திறக்க வேண்டும், தேநீரோடு தின்னக் கரிபாப் பலகாரத்துக்குச் சொல்லி வைக்க வேண்டும், பேசுவதை எழுத வேண்டும். பேச உரிமை கிடையாது. என்னைப் போன்ற வாயாடிக்கு இதைவிடத் தண்டனை வேறில்லை.

எந்தப் பயிற்சியை எந்த ஊரில் நடத்துவது என்று கல்லூரி இயக்குநர் தன்னிஷ்டத்துக்கு முடிவு செய்ய முடியாது. வட்டாரத்துத் தொழில் செய்கிறவர்களும் ஊர்ப் பிரதிநிதிகளும் உட்கார்ந்து பேசிப் பரிந்துரைக்க வேண்டும். அது மாநிலக் குழுவுக்குப் போகும், அங்கிருந்து புத்ராஜெயாவில் இருக்கும் அமைச்சுக்குப் போகும். கீழே நாங்கள் ஒரு வரி எழுதாவிட்டால் அப்படி ஓர் ஊர் இருப்பதே மேலே தெரியாது. இதை வெட்டிப் பேச்சு என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கூட்டங்களை நானும் திட்டுவேன்தான். அது வேறு.

உடையப்பன் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர். ரப்பர் போய் செம்பனை வந்தது, பிறகு லயத்தையே இடித்தார்கள். சின்ன வயதிலேயே ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் கடையில் டயர் கழற்றப் போனவர், பின்னாளில் சொந்தக் கடை போட்டார். மனைவி தவறிப்போன பிறகு அவருக்கு எல்லாமே ஒரே மகள் பிரமிளாதான். அவள் எங்கள் கல்லூரியில் படித்துச் சான்றிதழ் வாங்கி, எங்களிடமே பகுதிநேரப் பயிற்றுநரானாள். புக்கிட் பெலிம்பிங் பக்கம் ஒரு பழைய தோட்ட மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் மோட்டார் பழுதுபார்க்கும் வகுப்பு. மற்ற நாட்களில் அப்பாவின் கடையில் வேலை. சனிக்கிழமை வந்தால் போதும், கையை நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்புவாள். உடையப்பன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்: "நா வெறும் மோட்டார் ரிப்பேர் பண்ற ஃபோமன் லா. எம்மவ டீச்சர்!"

அந்த வகுப்புக்குத்தான் ஆபத்து வந்தது. வெளியூர் மண்டபங்களில் நடக்கும் வகுப்புகளைக் குறைத்து, எல்லாவற்றையும் எங்கள் கல்லூரியின் கோல சிலாங்கூர் வளாகத்திலேயே நடத்தலாமா என்று மேலிருந்து கேட்டிருந்தார்கள். வகுப்பு தொடர வேண்டும் என்றால் எங்கள் குழு அதைக் காரணத்தோடு எழுத வேண்டும். இல்லையென்றால் புக்கிட் பெலிம்பிங் வகுப்பு போய்விடும்.

கூட்டத்தன்று இயக்குநர் புவான் நோராய்னி வழக்கமான கேள்வியைக் கேட்டார்: இந்த விஷயத்தில் யாருக்காவது சொந்தத் தொடர்பு உண்டா? உண்டென்றால் சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும். விதி அது. எங்கள் ஊரில் யாருக்கு யாரோடு தொடர்பில்லை? அதனால் அந்தக் கேள்வி வரும்போது எல்லாரும் கரிபாப் தட்டையே பார்ப்பார்கள். கேள்வி தானாகக் கடந்து போகும்.

உடையப்பன் கையைத் தூக்கினார்.

"அண்ணே, சும்மா ஒக்காருங்க லா," என்றேன், உதடு அசையாமல்.

"எம்மவதான சாரு அங்க பாடம் நடத்துறா? எல்லாருக்கும் தெரியுமே. நானே வாய மூடிக்கிட்டு ஒக்காந்திருந்தா நாளைக்கு என்னா பேசுவானுங்க? அப்பன் சிபாரிசுன்னு அவளத்தான் பேசுவானுங்க."

எழுந்து போனார். துண்டை உதறவில்லை, கதவை அறையவில்லை. அவர் சத்தமில்லாமல் எழுந்து போனது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அவர் போனதும் மற்ற உறுப்பினர்கள்தான் மிச்சம். மீனவர் கூட்டுறவுக்காரருக்கும் தங்கும் விடுதி மேலாளருக்கும் புக்கிட் பெலிம்பிங் மண்டபம் எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியாது. தப்பு அவர்கள் மேல் இல்லை. நான் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "ஆதரித்துப் பேச ஆளில்லாமல் நான் என்ன எழுதட்டும்?" என்றார் இயக்குநர். அவருக்கும் வருத்தம்தான். முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார். அதற்குமேல் தள்ள முடியாது என்றும் சொன்னார்.

என்ன ஆயிற்று என்று பிரமிளா போன் போட்டுக் கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். மறுநாள் நேரிலேயே வந்துவிட்டாள்.

"சார், எம் பேர எடுத்துருங்க. ராசா ஊர்ல ஜெயதீபன்னு ஒருத்தர் இருக்காரு, என்கூடப் படிச்சவரு. நல்லா சொல்லித் தருவாரு. அவரப் போடுங்க."

"ஏம்மா, பைத்தியமா நீ?"

"நா இருக்கற வரைக்கும் அப்பா வெளிய போய்த்தான் ஆகணும். அவர் வெளிய போனா உள்ள யாரு சார் பேசுறது?" கிளம்பும்போது, "அப்பாகிட்ட சொல்லாதீங்க. சொன்னா கூட்டத்துக்கே வர மாட்டாரு," என்றாள்.

அந்த வேலை அவளுக்கு என்ன என்று எனக்குத் தெரியும். பாவம், அந்தப் பெண்ணுக்கு அந்தச் சனிக்கிழமைகளை விட்டால் வேறென்ன இருந்தது?

அடுத்த கூட்டம். இயக்குநர் அதே கேள்வியைக் கேட்டார். உடையப்பன் கையைத் தூக்கிக்கொண்டே பாதி எழுந்துவிட்டார். "என்சிக் உடையப்பன், நீங்கள் போக வேண்டியதில்லை. பயிற்றுநர் மாறிவிட்டார்," என்றார் இயக்குநர்.

மனிதருக்கு முதலில் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். விளங்கியதும் முகம் சிவந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளினார். போச்சுடா, ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன்.

"அண்ணே, அவ உங்களப் பேசச் சொல்லித்தான் விட்டுக் கொடுத்திருக்கா. ஒக்காருங்கண்ணே," என்றேன். செயலாளன் பேசக்கூடாதுதான். பேசினேன், இப்போது என்ன?

நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்றார். பிறகு உட்கார்ந்தார். பேசினார். நன்றாகப் பேசினார் என்று சொல்ல மாட்டேன். மலாயும் தமிழும் கலந்து வந்தது, சொன்னதையே திரும்பச் சொன்னார், நடுவில் மகள் பெயரைச் சொல்லிவிட்டுக் குரல் உடைந்து தண்ணீர் குடித்தார். ஆனால் ஒன்று கேட்டார்: "மோட்டார் இல்லாத பிள்ளைங்கதான் புவான் அங்க நடந்து வருதுங்க. கோல சிலாங்கூருக்கு வான்னா எதுல வரும்? பஸ்ஸு எங்க ஓடுது?" மீனவர் கூட்டுறவுக்காரர் தம் கம்பத்துக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கும் அதே கதைதான் என்று ஆதரித்தார். விடுதி மேலாளரும் கை தூக்கினார். வகுப்பு நீடிக்க வேண்டும் என்று எழுதினேன். அன்றைக்கு என் கையெழுத்து அழகாகவே இருந்தது.

மேலேயும் ஒப்புக்கொண்டார்கள். சனிக்கிழமைகளில் ஜெயதீபன் ராசாவிலிருந்து வந்து போகிறார். பிரமிளா கடையில் இருக்கிறாள்.

வருடக் கடைசியில் குழுவில் உடையப்பனின் தவணைக்காலம் முடிந்தது. இன்னும் இரண்டு வருடம் இருக்க முடியுமா என்று இயக்குநர் கேட்டுவரச் சொன்னார். கடைக்குப் போனேன். ஒரு பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டு, அப்பாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் குந்தியிருந்தார்கள்.

"வேணாம் சாரு," என்றார் நான் சொல்லி முடிக்கும் முன்பே. "நா எழுந்து போறவன். ஊருக்கே தெரியும். நா போயிட்டா எம்மவ மறுபடி டீச்சரா போவா. எனக்கு அதான் வேணும்."

பிரமிளா தலையைத் தூக்கவில்லை. ஸ்பேனரைத் திருகிக்கொண்டே கேட்டாள்: "அடுத்த வருஷமும் அந்தக் கேள்வி வரும் இல்ல சார்? கிளாஸ் வேணுமா வேணாமான்னு?"

"வரும்மா. வருஷா வருஷம் வரும்."

"அப்பா அங்க இல்லேன்னா?"

பதில் அவளுக்கே தெரியும்.

"குழுவுலயே ஒக்காருங்கப்பா," என்றாள். "இந்தத் தடவ எழுந்து போகாதீங்க."

உடையப்பன் மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண் எல்லாம் கறுப்பு எண்ணெய். அன்று சனிக்கிழமை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மூக்கையும் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

"அடுத்த கூட்டம் எத்தன மணிக்கு சாரு?" என்றார்.