நான்காம் வருஷத்து பாட்டில்

லிஃப்ட் மெக்கானிக் இந்த உலகத்தில் முழுசாக நம்பிய இடம் ஒன்றே ஒன்றுதான். அது ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் ஓடுகிற மெஷின் ரூம். சாவி அவரிடம் மட்டும். இருபத்தாறு வருஷமாக அங்கே அவர் வைத்த ஸ்பேனர் வைத்த இடத்திலேயே இருந்தது. வீட்டில் எந்தப் பொருளுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால்தான் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்தபோது, மூன்று ஒயின் பாட்டில்களைப் பழைய சட்டையில் சுற்றி அங்கே கொண்டுபோய் வைத்தார். மனிதர் செய்த முட்டாள்தனங்களில் முதல் பரிசு இதற்குத்தான்.

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆன அன்று வாங்கிய ஆறு பாட்டில்களில் மிஞ்சியவை அவை. கடைக்காரர் ஒளிக்காமல் சொன்னார்: "பிரெஞ்சு சரக்குலயே விலை கம்மி இதுதான். இப்பக் குடிச்சா முரடா இருக்கும். வருஷத்துக்கு ஒண்ணு தொறந்து பாருங்க, எப்படி மாறுதுன்னு தெரியும்." மெக்கானிக்கின் மனைவிக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. ஆறையும் எடுக்கச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கல்யாண நாளிலும் ஒரு பாட்டில். கார்க்கைப் பிடுங்குவது மெக்கானிக்கின் பொறுப்பு. தீர்ப்பு மனைவியுடையது. மருத்துவமனைச் சமையலறையில் நோயாளிகள் இருநூறு பேருக்கு சூப் வைக்கும் அம்மாள் அவர். கரண்டி நுனியில் ஒரு சொட்டு தொட்டுப் பார்த்து, அடியில் காய்கறி பிடித்திருக்கிறதா என்றுகூடச் சொல்லிவிடுவார். முதல் வருஷம், "துவர்ப்பு வாயைக் கட்டுது. பழுக்காத பழத்தைக் கடிச்சாப்பல இருக்கு" என்றார். இரண்டாம் வருஷம், "துவர்ப்பு இருக்கு, ஆனா பின்னாடி பழ வாசனை மெல்ல எட்டிப் பாக்குது." மூன்றாம் வருஷம் வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்துவிட்டு, "ஊரைச் சுத்தின பய வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டான்" என்றார். மெக்கானிக்குக்கு மூன்று வருஷமும் ஒயின் ஒயினாகத்தான் இருந்தது. மனைவி சொன்ன பிறகு, ஆமாம், அப்படித்தான் இருக்கிறது என்று தோன்றும்.

நான்காம் வருஷம் சரியாக ஆரம்பிக்கவில்லை. மனைவிக்கு ஒரு காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தி எடுத்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு வீட்டுச் சாப்பாடு ஒரு நாள் உப்புக் கரித்தது, மறுநாள் சப்பென்று இருந்தது. தன் மேல் ஏதோ கோபம் போலிருக்கிறது என்று நினைத்து, மெக்கானிக் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார். மருத்துவமனையிலும் இரண்டு முறை புகார். மூன்றாவது முறை வந்தால் அடுப்படியிலிருந்து எடுத்துப் பாத்திரம் கழுவுகிற பக்கம் போட்டுவிடுவதாக மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். அதை மனைவி வீட்டில் சொன்னபோது அழவில்லை. இருபது வருஷம் நின்ற இடம் அது. அழுதிருந்தால்கூட மெக்கானிக்குக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கோடையில் ஒரு நாள் மோட்டார் சூடாகிறதென்று மெஷின் ரூமில் வெப்பமானியை மாட்டிப் பார்த்தார். நாற்பத்து நான்கு டிகிரி. சட்டென்று பாட்டில்களின் ஞாபகம் வந்தது. துணியைப் பிரித்தால் கார்க்குகள் பிதுங்கி நின்றன, கழுத்தோரம் பிசுபிசுவென்று கசிந்திருந்தது. போதாக்குறைக்கு லிஃப்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் தரையே அதிர்ந்தது. சூடு இருக்கிற அறை என்று ஊருக்கெல்லாம் எச்சரிக்கை எழுதி ஒட்டியவர் அவர்தான். தலையில் அடித்துக்கொண்டு மூன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒன்றும் நடக்காததுபோல அலமாரியில் படுக்க வைத்தார்.

கல்யாண நாள் சாயங்காலம். மேஜையில் ரொட்டி, சூப், இரண்டு கிளாஸ். கார்க் கையோடு வந்துவிட்டது. ஊற்றும்போதே வினிகர் நெடி மூக்கைத் துளைத்தது. அவர் நாக்குக்கே தெரிந்தது, பாட்டில் போயே போச்சு. இனி பத்து வருஷத்துக்கு இதைச் சொல்லிச் சொல்லியே நம்மை ஒரு வழி பண்ணிவிடுவாள் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு காத்திருந்தார்.

மனைவி கிளாஸைச் சுழற்றினார். முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார்.

"இந்த வருஷம் ரொம்ப சாந்தமாயிடுச்சு" என்றார். "துவர்ப்பே இல்லை. பழ வாசனை நல்லா தூக்கலா வருது."

மெக்கானிக் மனைவியையே பார்த்தார். கேலி செய்கிற முகம் இல்லை அது. பரீட்சையில் தெரியாத கேள்விக்கு எதையோ எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிற முகம்.

"எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"எது?"

"இது வினிகராயிடுச்சும்மா. மெஷின் ரூம் சூட்டுல வச்சு நான்தான் கெடுத்தேன். நீ நல்லாருக்குங்கறே."

மனைவி கிளாஸைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒன்றுசேர்த்துக்கொண்டிருந்தார்.

"காய்ச்சல் விட்டதிலேர்ந்து. வாசனையும் இல்லை, ருசியும் இல்லை. வாயில வச்சா சூடு தெரியுது, ஜில்லுனு தெரியுது, அவ்வளவுதான்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"வாய்விட்டுச் சொன்னா நிஜமாயிடும்னு பயமா இருந்துச்சு. இன்னிக்கு சரியாயிடும், நாளைக்கு சரியாயிடும்னு பாத்தேன்." பிறகு நிமிர்ந்து, "நீங்க தினம் சாப்பிட்டீங்களே, நீங்க ஏன் சொல்லலை?" என்றார்.

"நீ கோவமா இருக்கேன்னு நெனச்சேன். எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. மெக்கானிக் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தோளில் கை வைத்தார். வேறென்ன செய்வதென்று அவருக்கு விளங்கவில்லை. இரண்டு மாதமாக ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டும் கேட்கத் தோன்றவில்லையே என்று தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

"முதல்ல டாக்டரைப் பாப்போம்" என்றார். "நீ வேலை பாக்கற எடத்துலயே அத்தனை டாக்டர் இருக்காங்க. அதுவரைக்கும் உப்பைக் கிராம் கணக்குல அளந்து போடு. யாருக்குத் தெரியப்போகுது?"

மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சூப் கொதிக்கக் கொதிக்க வத்திக்கிட்டே போகும். அளந்து போட்டாலும் கடைசியில ருசி பாத்துத்தான் எறக்கணும். அங்க படுத்திருக்கறவங்கள்ல உப்பு கூடவே கூடாதவங்க இருக்காங்க. ரெண்டு மாசமா நான் குருட்டாம்போக்குல போட்டுக்கிட்டிருக்கேன்."

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டதுபோல மனைவி அப்படியே உட்கார்ந்திருந்தார். வெளியே யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"நாளைக்குக் காலையில மேற்பார்வையாளர்கிட்ட நானே சொல்லிடறேன்" என்றார் மனைவி. "பாத்திரம்தானே, கழுவறேன்."

மெக்கானிக் சரியென்று தலையை ஆட்டினார். மனைவி எழுந்து உப்பு டப்பாவை எடுத்துவந்து அவருடைய சூப் கிண்ணத்துக்கு மேல் கையை நீட்டி, இரண்டு விரல் நுனியில் உப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"குடிச்சுப் பாத்து உள்ளதைச் சொல்லுங்க."

மெக்கானிக் ஒரு வாய் குடித்தார். வழக்கம்போல நல்லாயிருக்கு என்று சொல்ல வந்தவர் நிறுத்திக்கொண்டு, இன்னொரு வாய் குடித்துப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.