கழுவ வேண்டிய கால்

அப்பாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சர்க்கரை நோயில் முதலில் ஒரு விரல் கறுத்தது, பிறகு பாதம். திருச்சி ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள். காயம் ஆறி, சில மாதம் கழித்து ஒரு செயற்கைக் காலைப் பொருத்திக்கொண்டு வந்தார். ரப்பர் பாதம். அதில் ஐந்து விரல்களும் விரலுக்கு விரல் நகமும் அச்சில் வார்த்திருந்தார்கள். நிறம் மட்டும் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத சிவப்பு.

அந்தக் காலோடுதான் கல்லங்குறிச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் காட்டுக்குப் போனார். பருத்திக்கு மருந்து அடித்தார், வரப்பில் வழுக்கி விழுந்தார், திட்டிக்கொண்டே எழுந்தார். பஸ் நெரிசலில் அந்தப் பாதம் யார் மேலாவது பட்டுவிட்டது தெரிந்தால், எல்லாரையும் போல அந்த ஆளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஆரம்பத்தில் காலையில் கட்டிலில் உட்கார்ந்தபடி அம்மாவிடம் "அத எடு" என்பார். பிறகு ஒரு கட்டத்தில் அது "கால எடு" என்று ஆகிவிட்டது. எப்போது மாறியது என்று எங்களில் யாரும் கவனிக்கவில்லை.

நான் பெரம்பலூரில் பள்ளிக்கூட டீச்சர். கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் இயற்கை, அந்தப் பக்கம் செயற்கை என்று எழுதுவது என் பிழைப்பு. பருத்தி இந்தப் பக்கம், நைலான் அந்தப் பக்கம். எங்கள் காட்டில் போடும் பருத்திக்கு விதை கம்பெனி பாக்கெட்டில் வருகிறது. அந்தச் செடியிலிருந்து விதை எடுத்து அடுத்த வருடம் போட்டால் உருப்படியாகக் காய்க்காது. அதைத் தெரிந்துகொண்டேதான் 'பருத்தி இயற்கை' என்று எழுதுகிற பிள்ளைக்கு மார்க் போடுகிறேன். வேறு என்ன செய்வது? கோடு இல்லாமல் அந்தப் பாடத்தை நடத்த முடியாது.

தம்பிக்குக் கல்யாணம் கூடிவந்தபோது, பத்திரிகை வைக்க அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் உடையார்பாளையத்தில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குப் போனோம். பெரியப்பா அப்பாவின் அண்ணன். தாத்தா சீக்கிரமே போய்விட்டதால் அப்பாவை ஆளாக்கியது அவர்தான். அதனால் எங்கள் வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. பெரியம்மா தோப்பு முந்திரியை நெய்யில் வறுத்துத் தட்டில் வைத்தார்.

பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பெரியப்பா, "தம்பி, பாதபூஜைக்கு நானும் உங்க அண்ணியும் உக்காந்துக்கறோம். நீ ஒண்ணும் சங்கடப்படாத" என்றார்.

தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளை தன்னைப் பெற்றவர்களின் கால்களைத் தாம்பாளத்தில் வைத்துக் கழுவி, மஞ்சள் குங்குமம் இட்டு, விழுந்து கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கல்யாணத்தில் பெற்றவர்களுக்கென்று இருப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான். மற்ற நேரமெல்லாம் போட்டோக்காரருடையது.

"ஏன் பெரியப்பா, அப்பா உக்காந்தா என்ன?" என்றேன்.

"பெத்தவன் பாதம்னா ரத்தமும் சதையுமா இருக்கணும்மா. கடையில வாங்கினதக் கழுவிப் பொட்டு வச்சா, பொண்ணு வூட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க?"

"ஒங்க கண்ணுல வச்சிருக்கற லென்சும் கடையில வாங்கினதுதானே?"

"அது உள்ள இருக்கு. வெளிய தெரியுதா?"

"பல்லு?"

அம்மா என் தொடையில் கிள்ளினாள். எனக்குக் கோபம் அடங்கவில்லை. மீசைக்குச் சாயம் பூசியிருக்கிற மனிதர். அவர் தோப்பில் நிற்பது அத்தனையும் ஒட்டு முந்திரி. வேர் ஒரு மரத்துடையது, அதன் மேல் வளர்ந்தது வேறு மரத்துடையது. அந்த முந்திரியைத் தின்றுகொண்டேதான் ரத்தமும் சதையும் பேசினார். ஆனால் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை என்பதும் எனக்குத் தெரியும். சபையில் தன் தம்பியை யாரும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் அவர் கவலை.

அப்பா உடனே "சரிண்ணே" என்றார். அவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்க வேண்டாம். அம்மா முந்திரியைத் தொடவே இல்லை. பெரியப்பா உட்கார்ந்தால் பக்கத்தில் பெரியம்மாதான் உட்கார முடியும். அப்பாவின் ஒரு காலுக்காக அம்மாவின் இரண்டு கால்களுக்கும் இடம் போனது. அதைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "ஏம்ப்பா சரின்னு சொன்னீங்க?"

"அண்ணன் சொல்றது தப்பில்லம்மா. படுக்கும்போது கழட்டி வச்சிட்டுத்தான படுக்கறேன்? சொந்தக் கால யாராவது கழட்டுவாங்களா?"

அவரும் ஒரு கோடு வைத்திருந்தார். என் கோட்டைவிட அது தெளிவாகவே இருந்தது. வெயிலில் அந்தக் காலோடு நடந்துவிட்டு வந்து, கழற்றியதும் புண்பட்ட இடத்தில் எண்ணெய் தடவுகிறவர் அவர். எது தன் உடம்பு, எது இல்லை என்று அவருக்கு நான் பாடம் எடுக்க முடியாது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது.

கல்யாணம் அரியலூரில் ஒரு மண்டபத்தில். மேடை முழுக்கப் பூ, அதில் பாதி பிளாஸ்டிக். மணப்பெண்ணின் நீளச் சடையில் முக்கால்வாசி சவுரி. யாருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை. "பெத்தவங்க வாங்க" என்று ஐயர் கூப்பிட்டதும் பெரியப்பாவும் பெரியம்மாவும் போய் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அப்பா புது வேட்டியில், முதல் வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஏற்பாடு மாறியதைத் தம்பிக்கு யாருமே சொல்லவில்லை. நான் சொல்லியிருப்பேன் என்று அம்மா நினைத்திருந்தாள், பெரியப்பா சொல்லியிருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். பெரியப்பா கால் வலிக்கு உட்கார்ந்திருக்கிறார் என்று எண்ணினானோ என்னவோ, தம்பி சாதாரணமாக, "பெரியப்பா, கொஞ்சம் எந்திரிங்க, அப்பா உக்காரணும்" என்றான். பெரியப்பா அவன் காதில் ஏதோ விளக்கப் பார்த்தார். மேளச் சத்தத்தில் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கீழே பார்த்து, "அப்பா, அங்க ஏன் நிக்கறீங்க? அம்மாவ கூட்டிக்கிட்டு வாங்க, நேரமாவுது" என்று கத்தினான்.

பெரியப்பா எழுந்தார். படி வரைக்கும் இறங்கி வந்து, அப்பாவுக்குக் கை கொடுத்து மேடையில் ஏற்றியதும் அவர்தான். அந்த இடத்தில் அவர் மேல் இருந்த கோபம் எனக்குப் போய்விட்டது.

நான் துண்டோடு பக்கத்தில் நின்றேன். அம்மா இரண்டு கால்களையும் தாம்பாளத்தில் வைத்தாள். அப்பா வலது காலை மட்டும் வைத்துவிட்டு, இடது பாதத்தை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். தம்பி அதைக் கையால் பிடித்துத் தூக்கி மற்றதன் பக்கத்தில் வைத்தான். வலது காலில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினான். அதே செம்பை இடது கால் மேலும் சாய்த்தான்.

"டேய், ஜில்லுன்னு இருக்குடா" என்று அப்பா அந்தக் காலைச் சட்டென்று இழுத்தார்.

மேடையில் ஒரே சிரிப்பு. பெண் வீட்டார் சிரித்தார்கள், பெரியப்பா சிரித்தார், இன்னொரு தடவை அப்படிச் சொல்லச் சொல்லி போட்டோக்காரர் கேட்டார். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நனைந்த ரப்பர் விரல்களை மிரட்சியோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவும் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "சமையல்கட்டுல போயி ஒரு செம்பு வெந்நி வாங்கிட்டு வா. ஓடு" என்றாள்.

வாங்கி வந்தேன். தம்பி அதைப் பச்சைத் தண்ணீரோடு விளாவியதும், அம்மா அதில் விரலை விட்டுப் பார்த்து, "ம், இப்ப ஊத்து" என்றாள்.