ஆய்வு நாளில் அம்மா படுத்த கட்டில்

நான் இ.சி.ஜி. எடுக்கும் பட்டப்படிப்பு படித்த கல்லூரிக்கு, கடைசி வருடத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக் குழு வந்தது. குழுவுக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் எங்கள் பட்டத்துக்கு அங்கீகாரம். இல்லையென்றால் படித்ததெல்லாம் வீண். ஆஸ்பத்திரியோடு சேர்ந்த கல்லூரி என்று பெயர்தான். கட்டில் உண்டு, மெஷின் உண்டு, நோயாளிதான் கிடையாது.

அதனால் ஆய்வு நாளில் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வேனில் ஆட்களைக் கூட்டிவந்து படுக்க வைப்பார்கள். நடவுக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரியே இதற்கும் சேர்ப்பார். மதியம் பிரியாணி, நாள் முழுக்கப் படுக்கை. பெருநகர் கிராமத்துப் பக்கம் வெயிலில் குனிந்து நாற்று நடுகிறவர்களுக்கு அதைவிடச் சொகுசான கூலி வேலை ஏது என்று நாங்களே கிண்டலடித்திருக்கிறோம். அன்று காலை வார்டுக்குள் நுழைந்ததும் அந்தச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. ஜன்னலோரக் கட்டிலில், பச்சை கவுனில், என் அம்மா.

"நீ இன்னாம்மா இங்க?"

"மெதுவா பேசு. தெரியாத மாரி போய்க்கினே இரு. ஆளு கொறையுதுன்னாரு மேஸ்திரி. உன் படிப்புக்குத்தான கேக்கறாங்கோ, நா வராம எப்பிடி?"

ஒவ்வொருவருக்கும் ஒரு நோய் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அம்மாவுக்கு நெஞ்சு வலி. குழுவின் தலைவரான பேராசிரியர் நேராக அந்தக் கட்டிலுக்கு வந்து, இ.சி.ஜி. எடுத்துக்காட்டச் சொல்லி என்னையே கூப்பிட்டார். பிறகு அம்மாவிடம், "என்னம்மா பண்ணுது?" என்றார்.

"நாத்துக் கட்டு தூக்குனா மாரு அடைக்குது சார். எடது கை கடுக்குது. செத்த நேரம் குந்திக்கினா வுட்டுடுது."

என்னமாய் நடிக்கிறாள் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வயர்களைப் பொருத்தினேன். மெஷினிலிருந்து காகிதம் நகர்ந்து வந்தது. நேராக ஓட வேண்டிய இடங்களில் கோடு கீழே தொங்கிக்கொண்டிருந்தது. மெஷினுக்கு நடிக்கத் தெரியாதே.

"சார், இவங்க இதயத்துக்கு ரத்தம் சரியா போகல. இப்பவே ஐ.சி.யூ.வுக்கு மாத்தணும் சார்." என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. கல்லூரி முதல்வர் பக்கம் திரும்பி, "பொருத்தமான கேஸ், தெளிவான பதில். நல்லா தயார் பண்ணியிருக்கீங்க" என்றார். காகிதத்தைக் கிழித்துத் தன் ஃபைலில் வைத்துக்கொண்டார். இது என் அம்மா சார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் அம்மா, வேண்டாம் என்று தலையாட்டினாள். அதற்குள் எங்களை ஆய்வகத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள்.

குழு சாப்பிட்டுக் கிளம்பியதும் டியூட்டி டாக்டரைக் கெஞ்சி வார்டுக்கு அழைத்து வந்தேன். ஆயம்மா போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தார். வேன் புறப்பட்டுவிட்டிருந்தது.

உத்திரமேரூரில் பஸ் மாறி வீட்டுக்கு ஓடினேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"எப்பலேந்தும்மா வலி?"

"அறுப்புலேந்தே கீது."

"சொல்றதுக்கு இன்னா உனுக்கு?"

"பரிச்ச நேரத்துல உன்ன இன்னாத்துக்கு பேஜார் பண்றது? மேஸ்திரி என்னென்னமோ சொல்லிக் குடுத்தாரு, பயத்துல எல்லாம் மறந்து பூட்ச்சி. அதான் உள்ளதையே சொல்ட்டேன்." தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "பாஸ் போட்டாரா?"

"போட்டாரும்மா" என்று சொல்லிவிட்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, ஈரக் கையாலேயே என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

மறுநாள் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். மாத்திரை கொடுத்து, அடைப்பைப் பார்க்க ஒரு தேதி சொன்னார்கள். அந்தத் தேதி வருவதற்குள் கழனியிலேயே விழுந்து போய்விட்டாள்.

எங்கள் படிப்புக்கு அங்கீகாரம் கிடைத்தது. அந்தப் பட்டத்தை வைத்துத்தான் இன்று ஒரு மருத்துவமனையில் யார் யாருக்கோ இ.சி.ஜி. எடுக்கிறேன். அம்மாவுக்கு நான் எடுத்தது மட்டும், அந்தக் கல்லூரியில் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதற்கு ஆதாரமாக, ஏதோ ஒரு ஃபைலில் இருக்கிறது.