முரளி கொடுக்க வேண்டிய மொட்டை

போன வாரம் எங்கள் குடும்பத்தில் ஒரு தலை கிடைக்காமல் திண்டாடினோம்.

பதறாதீர்கள். மொட்டை போடுவதற்கு ஒரு தலை... அவ்வளவுதான்.

அக்கா மகன் முரளி ராணுவத்தில் இருந்தான். எல்லையில் சண்டை என்று டி.வி.யில் சொன்ன அன்று முழுக்க நான் டி.வி. முன்னாலிருந்து நகரவில்லை. எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். மேப்பில் அந்த இடம் எங்கே என்றுகூடத் தெரியாது. பயப்பட மட்டும் நன்றாகத் தெரியும். உடனே திருமலையைப் பார்த்து வேண்டிக்கொண்டேன் – பையன் நல்லபடியாகத் திரும்பினால் அவனுக்கு மொட்டை.

போனில் அவனிடமும் சொன்னேன். சிரித்தான்.

"ஏற்கெனவே பாதி மொட்டதான் மாமா. மீதிதான் சாமிக்குக் கெடைக்கும்."

நான்காம் நாள் அவன் இருந்த இடத்தில் ஷெல் விழுந்தது. இருபத்து மூன்று வயது.

மூன்று வருடம் ஆகிறது. ஒவ்வொரு நினைவு நாளுக்கும் விஜயபுரம் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டில் கூடுகிறோம். போட்டோவுக்கு மாலை, படையல், சாப்பாடு. இலையை எடுப்பதற்குள் பஞ்சாயத்து தொடங்கிவிடும் – அந்த மொட்டை என்ன ஆயிற்று?

தொடங்கி வைப்பவன் நான்தான். என்ன செய்ய? மாட்டுக்குப் பால் வற்றினாலும், மோட்டார் காயில் எரிந்தாலும், எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த மொட்டைதான்.

முரளியின் பெரியப்பா இந்த முறையும் அதையே சொன்னார். "பையன் வரல. வராத பையனுக்கு எதுக்குப்பா மொட்ட? பேச்சு அதோட முடிஞ்சிபோச்சு."

அவர் மகன் சுரேஷிடம், "நீதான் அண்ணன், நீ போடேன்" என்றேன். போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பொண்ணு பாத்துக்கினு கீறாங்க மாமா. மொட்டத் தலையோட போய் நின்னா யார் குடுப்பாங்க?"

"முடி வளர்றதுக்குள்ள பொண்ணு ஓடிடுமா?"

"போன வருசமும் இதத்தான் கேட்டீங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முரளி உயிரையே கொடுத்தான். இவர்களால் முடியைக் கொடுக்க முடியாதா? அவன் போட்டோவை ஸ்டேட்டஸில் வைக்க மட்டும் போட்டி போடுகிறார்கள்... கத்தியே விட்டேன்.

அக்கா இலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாக இந்தப் பேச்சில் வாயே திறக்காதவள். நிமிர்ந்தாள்.

"வேண்டிக்கினது யாரு?"

"நான்தான்க்கா."

"அப்பறம் ஏன்டா ஊரெல்லாம் தல தேடிக்கினு கீற? உன் கழுத்து மேல என்னா கீது?"

"சைனஸ்க்கா... தலையில தண்ணி பட்டா..."

"வருசா வருசம் எம் புள்ள எலைய வெச்சிக்கினு இத்தையே பேசறீங்க. ஒரு வருசமாச்சும் அவனப் பத்திப் பேசனீங்களா?"

சுரேஷ்கூடப் போனைக் கவிழ்த்து வைத்தான்.

யோசித்துப் பாருங்கள். வேண்டுதல் என்று வந்தால் நாம் ஏன் எப்போதும் அடுத்தவர் தலையையே எழுதிக் கொடுக்கிறோம்?

மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பினேன். அக்காவும் கூடவே ஏறிக்கொண்டாள். திருமலையில் சவரம் செய்பவர், "தல வஞ்சண்டி" என்று தெலுங்கில் சொன்னார். குனிந்தேன். டை அடித்த முடி, அடிப்பக்கம் வெள்ளை வெள்ளையாக மடியில் விழுந்தது.

வெளியே வந்ததும் அக்கா சந்தனம் தடவினாள். பின்மண்டையில் அவள் கை அப்படியே நின்றது.

"சப்பையா கீது" என்றாள். "அவனுக்கும் இப்டித்தான். கொழந்தையில மல்லாந்தேதான் தூங்குவான். திருப்பிப் போட்டா அழுவான்..."

அங்கே ஆரம்பித்தவள் பஸ் எங்களை நகரியில் இறக்கிவிடும்வரை நிறுத்தவில்லை. முதல் முறை சைக்கிள் ஓட்டிக் கிணற்று மேட்டில் மோதியது, மிலிட்டரிக்குப் போகிறேன் என்பதை அவள் கிரைண்டரில் மாவரைக்கும் நேரமாகப் பார்த்துச் சொன்னது... நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது பெரிய விஷயம்.

சைனஸா? இதுவரை ஒரு தும்மல்கூட இல்லை.

இந்தக் கட்டுரைக்கு மேலே போட்டிருக்கும் என் பழைய போட்டோவில் எனக்கு முடி இருக்கிறது. நம்பாதீர்கள்.