பலாபத்வல வெயிலில் ஒரு டயர் டிசைன் பின்னல்

இந்த வெயிலில் மடியில் உல்லன் நூலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள் எங்கள் ஊர் பலாபத்வலயில் நான்தான்!

பின்னல் எனக்குப் பொழுதுபோக்கு. வருடம் முழுக்க ஏதாவது ஒன்று ஊசியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஆனால் இந்த மாதம் ஊசியே கையில் வழுக்குகிறது. நூல் விரலில் ஒட்டுகிறது. பாதி முடிந்த சால்வையை மடியில் விரித்தால் அடுப்பங்கரையில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

என் வீட்டுக்காரர் ரவி த்ரீவீலர் ஓட்டுகிறார். மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர், என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏய் கலா, ஊரே ஃபேனுக்கு அடியில கெடக்கு. நீ யாருக்குச் சால்வ பின்னுற? குளிருல நடுங்க நுவரெலியாவுக்குக் குடி போறோமா?"

பதிலுக்கு ஒன்று கொடுக்கலாம் என்று திரும்பினேன். அவர் கைகள் கண்ணில் பட்டன.

முழங்கைக்குக் கீழே இரண்டு கைகளும் சிவந்து, சின்னச் சின்னதாகப் பொரிந்திருந்தன. பேசிக்கொண்டே சொறிந்துகொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"வெயிலுதான். நாள் முழுக்க ஹேண்டில் மேலயே கை இருக்கில்ல. அது போயிரும், விடு."

நான் விடவில்லை. டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் பூசுவதற்கு மருந்து கொடுத்து, வண்டி ஓட்டும்போது கையை மூடச் சொன்னார்.

கடையில் நைலான் கையுறை வாங்கினோம். விரல் இல்லாமல், மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல்வரை இழுத்துப் போடுவது.

அதற்குள் வியர்த்து அரிப்பு இன்னும் கூடிவிட்டது! சோறு பிசையவே முகத்தைச் சுளித்தார்.

"நாளைக்கு வண்டி எடுக்கல," என்றார்.

காய்ச்சலோடுகூட வண்டி எடுக்கிற மனிதர் இப்படிச் சொல்கிறார்!

சால்வையைச் சுருட்டி அலமாரிக்குள் வைத்தேன். மாத்தளை டவுனுக்குப் போய்ப் பருத்தி நூல் வாங்கிவந்தேன். சாம்பல் நிறம். (வெள்ளை வாங்கினால் மறுநாளே கிரீஸ் நிறம்!)

காற்றுப் போக வேண்டும் என்றால் ஓட்டை ஓட்டையாகப் பின்ன வேண்டும். இன்டர்நெட்டில் தேடினால் அத்தனையும் பூ, இலை, இதயம்.

இலை டிசைனில் ஒரு துண்டு பின்னிக் காட்டினேன்.

"ஐயோ! இதப் போட்டுக்கிட்டு ஸ்டாண்டுக்குப் போனா என்னையக் கல்யாணப் பொண்ணுன்னு கூப்பிடுவானுங்க!"

கோபம் வந்து வெளியே போனேன். வாசலில் வண்டி நின்றுகொண்டிருந்தது.

முன் டயரைப் பார்த்தேன்.

நடுவில் ஒரு நேர்கோடு. இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து இறங்கும் பள்ளங்கள். இதைவிட நல்ல டிசைன் எந்தப் புத்தகத்தில் கிடைக்கும்!

பள்ளம் இருக்கும் இடமெல்லாம் ஓட்டை விட்டால் போதும். அங்கேயே குந்தி உட்கார்ந்து வரைய ஆரம்பித்தேன்.

பக்கத்து வீட்டுக் குசுமா அக்கா சிங்களவர். தமிழ் கொஞ்சம் பேசுவார். வேலிக்கு மேலே தலை தெரிந்தது.

"பஞ்சரா நங்கி?" (நங்கி என்றால் தங்கச்சி.)

"இல்லக்கா, டிசைன் பாக்குறேன்!"

என்னையும் டயரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெயில் கூட நங்கி. உள்ளுக்குப் போய்த் தண்ணி குடிங்க."

(அவர் மேல் தப்பில்லை!)

முதல் ஜோடி படுதோல்வி. பருத்தி நூல் உல்லன் மாதிரி சுருங்கிப் பிடிக்காது. முழங்கைக்கு மேலே இருக்க வேண்டியது, வண்டி ஓட ஓட மணிக்கட்டுக்கு இறங்கிவிட்டது.

"கலா, காலுறையக் கையில மாட்டிவிட்டியா?"

பிரித்தேன். மேல் ஓரத்தில் நெருக்கமாகப் பின்னி, உள்ளே மெல்லிய இலாஸ்டிக் கோத்தேன்.

இந்த முறை மாட்டிவிட்டுக் கையை நீட்டி, மடக்கி, திருப்பிப் பார்த்தார். சட்டென்று முகம் மாறியது.

"ஏய்! இது நம்ம டயரு!"

ஒரு வார்த்தை பாராட்டவில்லை. ஆனால் கண்ணாடி முன்னால் அவர் அவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததே இல்லை.

கொஞ்ச நாளில் பொரிந்த தோல் ஆறிவிட்டது. தூக்கத்தில் சொறிவதும் நின்றது. எனக்கு அதுவே போதும் என்று சால்வையை மறுபடி கையில் எடுத்தேன்.

அப்போதுதான் ஸ்டாண்டிலேயே மூத்தவரான நஸீர் நானா வண்டியோடு வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, எனக்கும் ஒரு ஜோடி வேணும். ஆனா ரவிட டயர் டிசைன் வேணாம். என்ட டயர் வேற. வந்து பாருங்க!"

அதன்பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோருக்கும் அவரவர் டயர்தான் வேண்டுமாம்!

கடைசியாக சிவா தம்பி வந்தான். அவன் டயரைப் பார்த்தேன். தடவிப் பார்த்தேன். தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தது.

"தம்பி, இதுல டிசைனே இல்லையே?"

"அப்போ எனக்கு எப்படி அக்கா பின்னுவீங்க?"

"வெறும் பின்னல்தான். ஓட்டை இருக்காது. வேர்க்கும், பரவாயில்லையா?"

தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டான். கோபமோ என்று நினைத்தேன்.

நேற்றுக் காலை அவன் மனைவி போன் பண்ணினாள்.

"அக்கா, டயர மாத்துங்க, புள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போறீங்கன்னு நான் எத்தன மாசமாக் கத்துறேன் தெரியுமா? காதுலயே போட்டுக்கல. இப்போ கைக்கு டிசைன் வேணும்னு தானாப் போய் மாத்திட்டு வந்து நிக்கிறாரு!"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"அக்கா, பிரேக்குக்கும் ஏதாச்சும் டிசைன் இருக்கா?"

பின்னல் தெரிந்தவர்களே, பிரேக்கைப் பார்த்து என்ன பின்னலாம்? கொஞ்சம் அவசரம், கீழே சொல்லுங்கள்!